எட்டு வயது அளவுப் பாவாடை

என் மகள் யாழினிக்கு நான்கு வயது. கடந்த ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, கோலசிலாங்கூர் கரைக்கு வெளியே சேற்றில் உட்கார்ந்துவிட்ட ஒரு பாய்மரப் படகில், அவள் உடம்பு நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய மருந்துப் பை காரில் இருந்தது. கார் கிள்ளானில் இருந்தது. அதை அங்கே விட்டவள் நான்.

நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுச் சகோதரிகள் இதை எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துகிறவள். ஆனாலும் இதில் எதைச் சொன்னால் போதும், எதை விட்டால் பொய்யாகும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் குமரன் படகு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நாங்கள் அங்கிள் என்றே அழைப்போம். அவரிடம் யாட் என்கிற பழைய பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. யாட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் லங்காவிக்கே ஓடுகிறார்கள், நம் வாசலில் கிடக்கும் கடலை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவருடைய தீராத குறை. கிள்ளானிலிருந்து ஜெராம், கோலசிலாங்கூர், செகிஞ்சான் என்று கரையை ஒட்டியே வடக்கே போய்த் திரும்பத் திட்டமிட்டார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளக் குமரன் வேண்டும். குடும்பத்தோடு வரச் சொன்னார்.

"ரெண்டு நாள்தான் லா, மாலு. பாப்பாவுக்கும் கடலக் காட்டுன மாதிரி இருக்கும்" என்றார் குமரன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆனாலும் தலையாட்டினேன். மறுத்துப் பழக்கமில்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு ஒரு தங்கை இருந்தாள். கஸ்தூரி. நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டை ஒன்று இருந்தது. கஸ்தூரிக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. பள்ளி விட்டு வந்து கால் கழுவ இறங்கிய இடத்தில் மணல் சரிந்து அவளைக் குட்டைக்குள் இழுத்தது. நான் பிடித்த அவள் கை நழுவிவிட்டது என்றுதான் அன்று எல்லாரிடமும் சொன்னேன்.

கல்யாணமாகாமல் இறந்துபோன பெண் பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆடி அமாவாசையன்று அம்மா ஒரு புதுப் பாவாடை வாங்கி, மஞ்சள் தடவி, பூ வைத்துக் கும்பிடுவார். பிறகு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். ஒவ்வொரு வருடமும் சிவப்புத்தான். ஒவ்வொரு வருடமும் எட்டு வயது அளவுதான். நான் படித்தவள். அந்தப் பெட்டி இருந்த அறைக்குள் போகாமல் இருக்க எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லமாட்டோம்.

இந்த வருடம் அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை. வியாழக்கிழமையே பாவாடையை வாங்கிப் பொட்டலமாக என் கையில் கொடுத்தார். "நீ வச்சிக் கும்புடுடி. அக்காதான வைக்கணும்" என்றார். சரி என்றேன். பொட்டலத்தை யாழினியின் துணிப் பையில் போட்டேன். அதோடு மறந்தேன். மறந்தேனா, மறக்க விரும்பினேனா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அமாவாசையன்று காலை, படகுத்துறையில் காரின் பின்கதவைத் திறந்து பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா போன் செய்தார்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேம்மா."

"என்ன பூ வச்ச?"

"மல்லி."

இரண்டும் பொய். போனை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். யாழினிக்குப் போன வருடம் ஒரு முறை காய்ச்சல் வலிப்பு வந்திருக்கிறது. அதனால் அவளுடைய மருந்துகளை ஒரு தனிப் பையில் வைத்து, முதல் நாள் மூன்று முறை சரிபார்த்திருந்தேன். அந்தப் பை பின் இருக்கையிலேயே இருந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் கதவைச் சாத்தியிருக்கிறேன். என் கண்ணில் அப்போது மல்லிகைதான் இருந்தது.

முதல் நாள் நன்றாகவே போனது. மறுநாள் விடிந்ததும் யாழினியின் நெற்றி சுட்டது. பையைத் தேடினேன். இல்லை. கோலசிலாங்கூரில் இறங்கிவிடலாம் என்று குமரன் சொன்னதும் அங்கிள் கரையை நோக்கிக் குறுக்காகத் திருப்பினார். அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றம், தண்ணீர் நிறைய இருக்கும் என்று நம்பினார். தண்ணீர் இருந்தது. ஆனால் அது உச்சம் தொட்டுத் திரும்பத் தொடங்கியிருந்தது. ஏழரை மணிக்குப் படகு ஒன்றிலும் மோதாமல், யாரோ பிடித்து உட்கார வைத்ததுபோல் மெதுவாக நின்றது. இயந்திரம் சேற்றை இழுத்து இருமி அணைந்தது.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. தண்ணி திரும்ப வரும்தானே" என்றார் அங்கிள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மாலை ஆறு, ஆறரை என்றார். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போனில் தொடர்பு வந்து வந்து போனது. ஒரு வழியாக அவசர எண் கிடைத்தது. படகு அனுப்புகிறோம், ஆனால் தண்ணீர் ஏறாமல் உங்கள் பக்கத்தில் வர முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடல் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதரை மணிக்கெல்லாம் சுற்றிலும் சாம்பல் நிறச் சேறு. அந்த மாதங்களில் வரும் காட்டுத்தீப் புகைமூட்டத்தில் கரையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. யாழினியை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்த பக்கம் கால் ஊன்றி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். ஈரச் சிமெண்டுத் தரையில் சின்னப் பாதங்கள் நடப்பதுபோல். சப், சப், சப். லயத்துக் குளியலறையில் கஸ்தூரி அப்படித்தான் நடப்பாள். படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. குமரனிடம் கேட்டேன். சேற்றில் துள்ளும் மீன்கள் என்றார். அங்கேயும் இங்கேயும் மீன்கள் துள்ளுவதை நானும் பார்த்தேன். ஆனால் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

அங்கிளிடம் இருந்த, பெரியவர்களுக்கான காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு கரைத்துக் கொடுத்தேன். வாந்தி எடுத்துவிட்டாள். ஈரத் துணி வைத்தோம். பத்து மணி தாண்டியதும் அவள் கை விறைத்தது. கண் மேலே போனது. இரண்டு நிமிடம் இருக்கும். எனக்கு அது முடியவே இல்லை. முடிந்த பிறகு அவள் துணிபோல் கிடந்தாள். இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்த அங்கிள் வைத்திருந்த புகைக் குழல்கள் காலாவதியாகி இருந்தன. ஒன்று கொஞ்சம் புகைந்து நின்றது. "சிவப்பா ஏதும் பெரிய துணி இருக்கோ? கொடிமரத்தில் ஏத்துவம்" என்று கேட்டார். பையைக் கவிழ்த்தேன். பொட்டலம் விழுந்தது.

மாரியம்மா, மாரியம்மா என்று அதுவரை சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அது பழகிய வாய் சொன்னது. பாவாடையைக் கையில் எடுத்தபோது வாய் நின்றுவிட்டது. மஞ்சள் இல்லை, பூ இல்லை, சூடம் இல்லை. அதை யாழினியின் மேல் விரித்து வைத்து, இருபது வருடமாகச் சொல்லாத பெயரைச் சொன்னேன். கஸ்தூரி, உன் துணியை உனக்கு வைக்காமலே எடுக்கிறேன். உன் கை நழுவவில்லை. நீ என்னையும் சேர்த்து இழுத்தாய். நான் பயந்து உதறினேன். நான்தான் விட்டேன். என் மேல் உனக்கு இருக்கும் கோபத்தைப் பிள்ளை மேல் காட்டாதே. என்னால் பிடிக்கத் தெரியாது. நீ பிடித்துக்கொள்.

குமரன் அதைக் கொடிமரத்தில் ஏற்றினார். காற்றே இல்லை. சிவப்பு அப்படியே தொங்கியது.

அரை மணி நேரத்துக்குள் புகைமூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். நீளமான பலகை ஒன்றில் ஒரு காலை மண்டியிட்டு, மறு காலால் சேற்றை உதைத்து வழுக்கிக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும் சீனர். பாசிர் பெனம்பாங் மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவர். உதவிக்கு வருகிறார் என்று கை தட்டினேன். அவர் கத்திக்கொண்டு வந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்தது அவர் கெராங் சிப்பி வளர்க்கும் இடமாம். சிப்பி திருட வருகிறவர்கள் அடையாளத்துக்குக் கொடி நடுவார்களாம். மூன்று மாதத்தில் இரண்டு முறை திருட்டுப் போயிருக்கிறது.

"திருட வந்தவன் இவ்வளவு பெரிய படகுலயா வருவான், தவுக்கே?" என்று குமரன் மலாயில் கேட்டார். சீன முதலாளிகளை இங்கே அப்படித்தான் அழைப்போம்.

"முட்டாள் திருடனும் இருப்பான்" என்றார் அவர். பிறகு யாழினியைப் பார்த்தார். கத்துவதை நிறுத்தினார்.

அவருடைய படகு அரை மைலுக்கு அப்பால், வற்றாத ஒரு வாய்க்காலில் நின்றது. பலகையில் அவரும் பிள்ளையும் மட்டும்தான் போகலாம். நான் ஏறினால் மூன்று பேரும் சேற்றுக்குள். குமரன் இறங்கி நடக்கப் பார்த்தார். இரண்டாவது அடியில் தொடைவரை போய்விட்டார். நாங்கள் அவரைக் கயிறு போட்டு இழுத்தோம்.

பாவாடையை இறக்கி, நனைத்து, யாழினியைச் சுற்றினேன். அவர் அவளைப் பலகையின் முன்பக்கம் படுக்க வைத்தார். குமரன் எங்கள் போன் எண்ணை எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தார். நான் படகின் விளிம்பில் குப்புறப் படுத்து அவள் கையைப் பிடித்திருந்தேன். அவர் காத்திருந்தார். பெயர்கூடத் தெரியாத மனிதர். ஐந்து நிமிடம் முன்பு எங்களைத் திட்டியவர்.

"விடு, மாலு" என்றார் குமரன். "கைய விடு."

இந்த இரண்டு சொல்லைத்தான் வாழ்க்கை முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். விட்டேன்.

சிவப்பு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. கைக்குட்டை அளவு. பிறகு குங்குமப் பொட்டு அளவு. பிறகு இல்லை. அந்தப் பாதச் சத்தமும் அப்போதுதான் நின்றதை உணர்ந்தேன். தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டது, மீன் வளைக்குள் போயிருக்கும் என்றார் அங்கிள். இருக்கலாம். எனக்கு அது கூடவே போய்விட்டதாகத்தான் தோன்றியது. துணைக்குப் போனதா, எடுத்துக்கொண்டு போனதா என்றுதான் தெரியவில்லை. மூன்று மணி நேரம் அது தெரியாமலே உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது.

இரண்டு மணிக்குப் பிறகு போனில் ஒரு கோடு தொடர்பு வந்தது. தெரியாத எண். ஒரு பெண் மலாயில் பேசினார். தவுக்கேயின் மனைவி. பிள்ளை மருத்துவமனையில் இருக்கிறாள், வழியில் ஒரு முறை வலிப்பு வந்ததாம், டாக்டர்கள் உடனே பார்த்தார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது, மைலோ கேட்கிறாள், கொடுக்கலாமா என்று கேட்டார். நான் அழுதேன். குமரன் போனை வாங்கி, கொடுங்கள் என்றார்.

வழியில் வந்த அந்த வலிப்பு படகில் வந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எழுந்துபோய் யாழினியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

மாலை ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. மீட்புப் படகும் வந்து எங்களைக் கரை சேர்த்தது. யாழினி கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். உன்னோடு யாராவது வந்தார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனாலும் கேட்டேன். "அந்த தாத்தா மீன் நாத்தம்மா" என்றாள். வேறு எதுவும் அவளுக்கு நினைவில்லை. தவுக்கே தாழ்வாரத்தில் நின்றிருந்தார். அன்று காலை வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். வேறு எந்த நிறமாக இருந்திருந்தாலும் அந்தப் புகையில் கண்ணில் பட்டிருக்காது என்றார். சிப்பி நசுங்கியதற்கு நாங்கள் கொடுக்க வந்ததை வாங்க மறுத்துவிட்டார். அவர் மனைவி பாவாடையைத் துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் சேற்றுக் கறை போகவே இல்லை.

அதை எடுத்துக்கொண்டு அந்த வாரமே அம்மாவிடம் போனேன். மல்லிகை வைத்ததாகச் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். பிறகு குட்டையில் நடந்ததைச் சொன்னேன். அம்மா கறையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ விடலன்னா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. எனக்கு யாருடி இருந்திருப்பா?" என்றார். பாவாடையை மடித்துக்கொண்டே, "ஆனா வச்சிட்டேன்னு பொய் சொன்ன பாத்தியா, அதுக்குத்தான் உன்ன அடிக்கணும்" என்றார்.

வேறு பாவாடை வாங்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், இதுவே போதும், அவள் கட்டிப் பார்த்துவிட்டாள் என்றார். அன்று முதல் முறையாகத் தகரப் பெட்டியை நான் திறந்தேன். கறைப்பட்ட பாவாடையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

சகோதரிகளே, என் பிள்ளையைக் காப்பாற்றியது அம்மன்தான் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நான் பயந்து பூட்டி வைத்திருந்த எட்டு வயதுப் பிள்ளையின் துணியை அவள் எடுத்துக்கொண்டாள். கோபமாக வந்த ஒரு மனிதரை அனுப்பினாள். உங்கள் வீட்டிலும் யாரும் சொல்லாத ஒரு பெயர் இருக்கலாம். ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கேட்கிறவள் கேட்பாள்.

என் பயம் முழுவதும் போய்விட்டது என்றால் அது பொய். மழை நாளில் குளியலறையில் அந்தச் சப் சப் இப்போதும் சில நேரம் கேட்கிறது. முன்பெல்லாம் ஓடிப்போய் விளக்கைப் போடுவேன். இப்போது யாழினியின் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் துண்டை மாட்டி வைத்திருக்கிறேன்.