ஒரு பக்க இறக்கை

திருத்தணியில் லாட்ஜ் வாசலில் காரைவிட்டு இறங்கியபோது பிராய்லர் கோழி வேன் ஒன்று கடந்து போனது. அந்த ஈர இறகு நாற்றத்தில், இப்போது லாட்ஜின் கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் பழைய புழக்கடை நினைவுக்கு வந்தது.

மலைப்பக்கம் தாழ்ந்த மதில், அதையொட்டி முருங்கை, அடுப்புச் சாம்பலில் புரளும் கோழிகள். அவை மதில் தாண்டி மலையடிப் புதருக்குள் போனால் திரும்பா என்பதால், இறகு வளரும்போதெல்லாம் அம்மா ஒவ்வொன்றாக மடியில் அமர்த்தி, ஓர் இறக்கையை மட்டும் விசிறிபோல் விரித்து, நீள இறகுகளைக் கத்தரிப்பாள். காய்ந்த ஓலையை நறுக்குவதுபோலச் சத்தம் வரும், கோழிக்கு வலிக்காது.

“ஒரு பக்கந்தான் வெட்டணும் பாப்பா. ரெண்டையும் வெட்டினா சமமாயிடும், எகிறிப் போயிடும்,” என்பாள் என்னிடம்.

ஓர் ஆடியில், அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் செங்கோழியை அறுப்பதென்று நைனா சொல்லிவிட்டார். அம்மாவின் கையிலிருந்து மட்டுமே அரிசி தின்னும் கோழி அது. முந்தின நாள் சாயங்காலம் அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா நெடுநேரம் புழக்கடையில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிச் சத்தம் கேட்டது.

காலையில் நைனா கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கியதும், உள்ளிருந்த செங்கோழி மதிலுக்கு எகிறி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. கீழே கிடந்த சிவப்பு இறகுகளை நைனா பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் வெட்டி வெச்சிகீறியே! பள்ளிப்பட்டுல கோழியோட வளந்தவ, இதுகூடவா தெரியாது உனக்கு?”

“எனக்கு இன்னாங்க தெரியும்,” என்றாள் அம்மா, கூழுக்கு மாவைக் கரைத்தபடியே, என் பக்கம் திரும்பாமல்.