மூணாவது தடவை

எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. விருந்துக்குப் போன இடத்தில் எதை நீட்டினாலும் முதலில் “வேண்டாமுங்க” என்று சொல்ல வேண்டும். ரெண்டாவது தடவையும் அப்படித்தான். மூணாவது தடவை வாங்கிக்கணும். வாங்காவிட்டால் மண்டக்கனம் பிடித்தவன் என்று பேர். பிள்ளைகளா, இந்த மரியாதையைக் கத்துக்கிட்ட அளவுக்கு நான் கணக்குப் பாடம் கத்துக்கிட்டதில்லை.

பதினொண்ணாம் வகுப்பில் இருந்தப்போ அன்னூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் பெரிய பசங்க உட்காரும் ஒரு பெஞ்சு. அதில் ஒரு ஓரம் எனக்கும் கிடைச்சது. அந்தப் பெருமையில் தேங்காய் பன்னு கூட இறங்கலை. ஒரு அண்ணன் சிகரெட்டை நீட்டினார்.

“வேண்டாமுங்கண்ணா.”

“அட, புடிங்க தம்பி.”

“இல்லீங்கண்ணா, வேண்டாமுங்க.”

“சும்மா ஒன்னு.”

மூணாவது தடவை ஆயிப்போச்சு. வாங்கிட்டேன். யாரும் என் கையை முறுக்கலை. இருமி, கண்ணில் தண்ணி வந்து, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மறுநாள் எல்லாருக்கும் முந்திப் போய் பெஞ்சில் உட்கார்ந்தவனும் நான்தான். அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க முப்பது வருசம் ஆச்சு.

விட்டு நாலு மாசம் இருக்கும். பதினொண்ணாவது படிக்கிற என் மகளை டியூசனில் இருந்து கூட்டிட்டு வரும்போது ஒரு பேக்கரியில் நின்னோம். என்கூட லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவர் அங்கே நின்னு சிகரெட் பாக்கெட்டை நீட்டினார்.

“வேண்டாமுங்க.”

“அட, ஒன்னே ஒன்னுங்க.”

“இல்லீங்க, வேண்டாமுங்க.”

ரெண்டு ஆச்சு. என் கை தானாகவே சட்டையில் துடைச்சுக்கிட்டுத் தயாராக நின்னது.

மகள் பப்ஸை மென்னுகிட்டே சொன்னாள். “மாமா, எங்கப்பா ‘வேண்டாமுங்க’ன்னா இன்னொருக்கா கேளுங்கன்னு அர்த்தமுங்க. கேட்டுப்போடாதீங்க.”

அவர் சிரிச்சுட்டுப் பாக்கெட்டை உள்ளே வெச்சார். எனக்குக் காது வரைக்கும் சூடு.

வண்டியில் வரும்போது பின்னாடியிருந்து குரல். “அந்த ‘ங்க’வை விட்டுப்போட்டு ஒருக்கா சொல்லுங்கப்பா.”

“வேண்டாம்… ங்க.”

அவள் சிரிப்பில் வண்டியே ஆடிச்சு. எனக்குச் சிரிப்பு வரலை. நான் பெஞ்சில் உட்கார்ந்த அதே வயசு அவளுக்கு.

“ஏங்கண்ணு, உன்கிட்ட யாராச்சும் எதையாச்சும் நீட்டியிருக்காங்களா?”

“ம். அந்தப் புகை விடுற பேனா மாதிரி ஒன்னு. ஒரு பிறந்தநாள்ல.”

வண்டியை ஓரம் கட்டிட்டேன். “நீ என்ன சொன்ன சாமி?”

“வேண்டாம்னேன். பயந்தாங்கொள்ளின்னாங்க. மறுக்காவும் நீட்டுனாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.”

பெஞ்சில் இருந்து எந்திரிச்சு வரலாம் என்பது இத்தனை வருசத்தில் எனக்குத் தோணவே இல்லை.

அன்னைக்குச் சாப்பிடும்போது பழகிப் பார்க்கலாமேன்னு மூணாவது தோசைக்கு வெறுமனே “வேண்டாம்” என்றேன். வீட்டுக்காரம்மா மறு பேச்சில்லாமல் அதை மகள் தட்டில் போட்டுட்டாள். எனக்கு இன்னும் பசிதான் இருந்தது.