இடைவெளி விட்டுத் தின்ற பஜ்ஜி

பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். யாரோ வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயில் போடுகிறார்கள். அந்த வாசனை போதும், பள்ளிக்கூட நாளுக்குப் போய்விட்டேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் யூனிஃபார்ம் தாவணியோடு நிற்கிறேன், பக்கத்தில் என் தோழி சுல்தானா.

மறுநாள் பிளஸ் டூ பொருளியல் பரீட்சை. பெயிலானால் படிப்பு போதும் என்று அவளுடைய அத்தா சொல்லிவிட்டார். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி, பெயரே ரயில் நீளம், அவள் மண்டையில் ஏறவே இல்லை.

"தின்னே பாத்துடலாம் வாடி" என்றேன்.

முதல் பஜ்ஜிக்கு அவளுக்குக் கண் சொருகியது. இரண்டாவதற்குச் சிரித்தாள். மூன்றாவதைக் கடமைக்கு மென்றாள். நான்காவதை நீட்டினேன்.

"சாவடிக்காதடி, போதும்!"

"அதான்டி விதி. திங்கத் திங்க ஆசை குறையும்."

பஜ்ஜி போட்ட அக்கா ஜல்லிக்கரண்டியை ஓங்கினார். "என் கடை வாசல்லயே நின்னுகினு இன்னா பேச்சு இது!"

ஓடினோம். மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது அதே வாசனை. சுல்தானா நின்றுவிட்டாள்.

"இப்ப இன்னொண்ணு உள்ள போகும் போலகீதே! உன் விதி பொய்யாடி?"

"இடைவெளி விடாம தின்னாத்தான்டி விதி செல்லும். புக்குலயே போட்டிருக்கு."

மறுநாள் அந்த நிபந்தனையைத்தான் கேட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே எழுதினாள். தேறினாள், கல்லூரிக்கும் போனாள்.

இதோ, பஸ் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். முப்பது வருஷ இடைவெளி விட்டு ஒரு பஜ்ஜியைக் கடிக்கிறேன்.

கண் சொருகுகிறது. இதுதான் முதல் பஜ்ஜி.