இரண்டு பெயர் கொடுத்தால்

அந்த அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காலை ஷிஃப்ட் முடியும் நேரம். கேன்டீன் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என் பின்னாலேயே நாலைந்து எட்டு நடந்து வந்து சொன்னார்.

"சார், ஹெல்ப்னு அடிச்சு ரெண்டு கமாண்டு பேரு சேத்து குடுத்தா, ஒண்ணாம் நம்பர் கம்ப்யூட்டர்ல ரெண்டுக்கும் பதில் வருது. நம்ம நாலாம் நம்பர்ல ஒண்ணுக்குத்தான் வருது. இன்னொண்ணு இல்லன்னு சொல்லவே மாட்டேங்குது. இன்னா சார் இது?"

"அது அப்படித்தான்க்கா. லைனைப் பாருங்க" என்றேன்.

ஒரகடத்தில் கார்களுக்கான சின்னச் சின்ன மின்னணுப் பலகைகள் செய்யும் ஆலை அது. நான் டெஸ்ட் இன்ஜினியர். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து சேர்ந்திருந்த முதல் வேலை. லைனின் கடைசியில் நான்கு சோதனை மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி. பலகையைப் பொருத்தினால் கணினி அதைச் சோதித்து, தேறியதா இல்லையா என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கும். நான்காவது மேசையின் கணினிதான் இருப்பதிலேயே பழையது. அதில் நின்றவர் பக்கத்து ஊரான வடக்குப்பட்டிலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எல்லோருக்கும் அவர் 'நாலாம் நம்பர் அக்கா'.

அந்தப் பழைய கணினி அடிக்கடி உறைந்துபோகும். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட வேண்டாமே என்று, கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து, சோதனையை மறுபடி எப்படித் தொடங்குவது என்று நான்தான் அவருக்குக் காட்டினேன். தொழிலாளிகளுக்கு அந்தத் திரையைத் திறக்க அனுமதி கிடையாது. தெரிந்தேதான் காட்டினேன், என் வசதிக்காக. போகிற போக்கில், "ஏதாவது சந்தேகம்னா ஹெல்ப்னு அடிங்க" என்றும் சொல்லிவைத்தேன்.

அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு பலகை சோதனையில் இருக்கும் முக்கால் நிமிடத்தில் மற்றவர்கள் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பார்கள். அக்கா ஹெல்ப் அடிப்பார். வெறுமனே அடித்தால் ஷெல், அதாவது அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், அதற்குள்ளேயே இருக்கும் கட்டளைகளின் பட்டியல் வரும். பக்கத்தில் ஒரு பெயரையும் சேர்த்து அடித்தால் அதற்கான விளக்கம் வரும். பிளஸ் டூ வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, புரியாத சொற்களை ரிஜெக்ட் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்து என்னிடம் காட்டுவார். ஒருநாள் 'ரீட்' என்ற கட்டளையின் முதல் இரண்டு இங்கிலீஷ் எழுத்தை மட்டும் அடித்திருக்கிறார். அந்த எழுத்துகளில் தொடங்கும் அத்தனை கட்டளைகளின் விளக்கமும் வரிசையாக வந்துவிட்டது. "பாதி பேரு சொன்னா போதும் சார், சொந்தக்காரங்களயெல்லாம் கூட்டியாந்து நிறுத்திடுது" என்று சிரித்தார்.

எதற்காக இதெல்லாம் என்று ஒருமுறை கேட்டேன். டெக்னீஷியன் இடம் காலியானால் கான்ட்ராக்ட் ஆட்களும் தேர்வு எழுதலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உக்காந்து செய்ற வேலை ஒண்ணு வாங்கணும் சார். எட்டு மணி நேரம் நின்னுகினே இருந்தா கால் மரத்துப்போவுது" என்றார்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட சமயத்தில் நான் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினி தானாக ஓட்டும் கட்டளை வரிசை, எழுதிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் சோதனைக் கோப்புகளை சர்வருக்கு அனுப்பிவிட்டு, கணினியில் இருப்பதை அழித்துவிடும் ஸ்கிரிப்ட். அதற்கு இரண்டு கட்டளைகள் அவசியம்: பழைய 'ரீட்', அனுப்ப வேண்டிய கோப்புகளின் பட்டியலைச் சேர்த்துவைக்கும் கொஞ்சம் புதிய 'மேப்ஃபைல்'. இரண்டும் இருக்கின்றனவா என்று முதல் வரியில் ஹெல்ப்பிடமே கேட்டேன், இரண்டு பெயரையும் ஒன்றாகக் கொடுத்து. என் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியது. நான்கு மேசைகளிலும் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நான்காவது மேசையின் கோப்புகள் எங்குமே இல்லை. சர்வருக்கும் போகவில்லை, கணினியிலும் இல்லை. அந்த ஷிஃப்டில் தேறிய பலகைகள் அத்தனையையும் பெட்டி பிரித்து மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. லாரி வாசலில் நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா ஸ்கிரீன்ல என்னவோ அடிச்சுக்கிட்டே இருப்பாங்களாமே, நிஜமா? இல்ல, உங்க ஸ்கிரிப்ட்ல எதுனா தப்பு இருக்குமா?"

"அடிப்பாங்க சார். பாத்திருக்கேன்" என்றேன்.

அவர் இரண்டு கேள்வி கேட்டார். நான் ஒன்றுக்குத்தான் பதில் சொன்னேன். அவரும் இரண்டாவதை மறுபடி கேட்கவில்லை. அன்று மதியமே அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கேட் பக்கம் போகும்போது என்னைப் பார்த்து, "நான் எதையும் அழிக்கல சார். உங்களுக்குத் தெரியும்ல?" என்றார். அந்த நிமிடத்தில் உண்மையாகவே எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாவது நாள் நான்காவது மேசையில் உட்கார்ந்து அந்த முதல் வரியை நானே அடித்துப் பார்த்தேன். 'ரீட்'டுக்கான விளக்கம் திரை நிறைய வந்தது. 'மேப்ஃபைல்' பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பழைய ஷெல்லில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது. ஆனால் கொடுத்த பெயர்களில் ஒன்று கிடைத்தாலே போதும், ஹெல்ப் 'எல்லாம் சரி' என்று முடித்துவிடும். ஒன்றுமே கிடைக்காவிட்டால்தான் இல்லை என்று சொல்லும். அதை நம்பி என் ஸ்கிரிப்ட் ஓடியிருக்கிறது. கோப்புகளின் பட்டியல் காலியாகவே இருந்ததால் எதையும் அனுப்பவில்லை. அழிக்கிற வேலையை மட்டும் பிசகில்லாமல் செய்திருக்கிறது. அக்கா கேட்டது அதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகக் கேட்கும்படி மாற்றினேன். மாற்றத்துக்கான காரணத்தை எழுதும் இடத்தில் 'சிறு திருத்தம்' என்று எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆண்டு இறுதியில் அதே ஸ்கிரிப்டுக்காக எனக்கு மேடையில் ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு வருமானச் சான்றிதழுக்காக வாலாஜாபாத்தில் ஒரு கணினி மையத்துக்குப் போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, "நல்லா கீறீங்களா சார்?" என்று கேட்டபடியே விண்ணப்பத்தைத் தட்டினார். வேகமாகவும் தப்பில்லாமலும் தட்டினார். அச்சான தாளை அவர் நீட்டியபோது, அதை வாங்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்ட கேள்வி, என் முதல் வரி, 'சிறு திருத்தம்' உட்பட.

அக்கா கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

"நீங்க போயி மூணு நாள் கழிச்சு."

தாளை என் பக்கமாகக் கவுன்ட்டர்மேல் நகர்த்தி வைத்தார்.

"மூணு நாள் கழிச்சு நான் வூட்லதான் சார் இருந்தேன். வடக்குப்பட்டுலதான்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றிருந்தவரிடம் ஆதார் கார்டு கேட்டுக் கையை நீட்டினார்.