வாண்டா பார்க்காத ஓட்டம்

லோரெய்ன் ஊரில் வாண்டா ஷிமான்ஸ்கியின் குரல் எட்டாத தெரு கிடையாது. பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. எழுந்திருக்க முடியாதவர்களைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பாள். அவர்கள் முனகினால் இவள் இரண்டு மடங்கு முனகிக் காட்டுவாள், அவர்களும் சிரித்துவிடுவார்கள். புருஷன் கசிமிர் எஃகு ஆலையில் குழாய் உருட்டுகிறவன். வாயைத் திறக்கவே மாட்டான். அந்த வீட்டில் பேச வேண்டியது மொத்தத்தையும் வாண்டாவே பேசி முடித்துவிடுவாள்.

இதெல்லாம் வார நாள் கதை. சனிக்கிழமை வந்தால் அவள் ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்குப் போய்விடுவாள். 1976இல் ஊரில் பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணி இருந்தது, ஹெரன்ஸ் என்று பெயர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிராளிகளைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பெண்களுக்கு இது தேவையா என்று பாதிரியார் ஒருமுறை கேட்டார். வாண்டா அவரிடம் பேசிய பிறகு அவர் மறுமுறை கேட்கவில்லை.

முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடு ஆள் வாண்டா. குனிந்து கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்த கையோடு, எதிரே நிற்பவளை முட்டித் தள்ள வேண்டும். மற்ற நால்வரும் அவள் போடுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்வார்கள். தள்ளிய இடத்தில் ஒரு சந்து திறக்கும். அதில் புகுந்து ஓடுகிறவள் எர்லீன் பிராக்ஸ்டன், தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற பெண், வயது இருபத்திநாலு. நாளிதழில் படம் வருவதெல்லாம் எர்லீனுக்குத்தான். வாண்டாவின் படமும் ஒரே ஒரு தடவை வந்தது. அதில் எர்லீனின் முழங்காலுக்குக் கீழே இவளுடைய பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

வாண்டாவுக்குப் பொறாமை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. கொஞ்சம் உண்மை. நாலு வருஷமாக உடம்பெல்லாம் கன்றிப்போய், விரல் விரலாகப் பிசகி, கடைசியில் யாரோ ஒரு பையன் எர்லீனிடம் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்குவதைப் பார்த்தால் யாருக்குத்தான் எரியாது? அந்த எரிச்சலைப் பயிற்சி முடிந்ததும் பௌலிங் கூடத்தில் பீரோடு சேர்த்து இறக்கி வைப்பது அவள் வழக்கம்.

அந்த வருஷம் அக்ரான் ஊர் அணியோடு நடக்கவிருந்த கடைசி ஆட்டத்துக்கு முந்தின மாலை அங்கே புதிதாக ஒரு தொப்பிக்காரர் உட்கார்ந்திருந்தார். முன்வரிசைப் பெண்கள் ஐந்து பேருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த எர்லீன் ஓடுறது அவ திறமையா, இல்ல உங்க தயவா?"

"திறமையா?" வாண்டா கோப்பையை வைத்தாள். "நாங்க தெறந்து வெக்கிற சந்துல பால் வண்டியே போகலாம் மிஸ்டர். என் மாமியார் இடுப்பு ஒடிஞ்சு கெடக்காங்க. அவங்க கையில பந்தக் குடுங்க, எம்பது கஜம் ஓடிட்டு வந்து சூப்பு எங்கேன்னு கேப்பாங்க."

கூடமே சிரித்தது. வாண்டாவுக்கு வலப்பக்கம் ஆடுகிற க்ளெண்டா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். தொப்பிக்காரரும் சிரித்தார், நன்றி சொன்னார், போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் உடை மாற்றும் அறையில் வாண்டா விரல்களுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். எர்லீன் வந்து எதிரே நின்றாள்.

"நேத்து ஒரு தொப்பிக்காரர்கிட்டப் பேசினியா?"

"பேசினேன். பீர் வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்."

"அவரு பேரு ஹின்சன். டெக்ஸஸ்லேர்ந்து வந்திருக்காரு. அங்க பொண்ணுங்களுக்குச் சம்பளம் குடுத்து ஆட வெக்கிறாங்க. ஒரே ஒரு ஆள எடுக்கணும்னு வந்திருக்காரு, என்னப் பாக்கத்தான் வந்தாரு. இப்போ கோச்கிட்ட என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? அந்த முன்வரிசைக்குப் பின்னாடி அவரோட கெழட்டு அத்தையே ஓடிருவாங்களாம்."

வாண்டாவின் கை நின்றுவிட்டது.

"உன் மாமியாரத்தான் அவரு அத்தையா மாத்திக்கிட்டாரு," என்றாள் எர்லீன். அவள் குரல் உயரவில்லை. அதுதான் வாண்டாவுக்கு உறைத்தது. "காதுல அந்தக் கருவிய மாட்டிக்கிட்டு 'யார் வேணும், யார் வேணும்'னு இன்னும் முப்பது வருஷம் என்னால கேக்க முடியாது வாண்டா. எனக்கு இருக்கிறது இந்த ஒரு வழி. அத நீ ஒரு பீருக்கு அடைச்சிட்ட."

"நான் சும்மா வாய்ப்பேச்சுக்கு..."

"வாய்ப்பேச்சு இல்ல. நாலு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்க. சரி, இப்போ ஒண்ணு செய். மொத தடவ பந்து நம்ம கைக்கு வர்றப்போ யாரும் தள்ளாதீங்க. சும்மா நில்லுங்க. நான் என்ன செய்வேன்னு அந்த ஆளு பாக்கட்டும்."

"தள்ளாம நிக்கிறதா? அக்ரான்காரிங்க உன்ன மாவாப் பெசஞ்சிருவாளுங்கடி."

"பெசையட்டும்."

"முடியாது. வேணும்னே ஒருத்தியத் தள்ளாம விட்டா அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடுவுல குனியறது?" வாண்டா பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் வெளிய உக்காந்துக்கறேன். டார்லா நிக்கட்டும். மத்த நாலு பேரும் எப்பவும் போலத்தான் தள்ளுவாளுங்க. இதுக்கு மேல எங்கிட்ட எதிர்பாக்காத."

மாற்று ஆளான டார்லா நல்ல பெண். சத்தம் போடத் தெரியாது, குனிந்தால் நிமிரத் தெரியாது. எர்லீன் சரி என்று தலையாட்டினாள். வாண்டாவின் மனதுக்குள் ஒரு சின்ன அற்ப ஆசையும் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இன்றைக்கு ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

கோச்சிடம் ஹெல்மெட் கொக்கி உடைந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் தடவை எர்லீன் பந்தை வாங்கினாள், வாங்கிய இடத்துக்குப் பின்னாலேயே வீழ்த்தப்பட்டாள். இரண்டாவது தடவை ஒரு கஜம், அதுவும் விழுகிற வேகத்தில் கிடைத்தது. டார்லா என்ன கத்துகிறாள் என்று பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்கவில்லை. வாண்டாவுக்குத் திருப்தியாக இருந்தது. இருந்ததை மறைப்பதில் என்ன பயன்.

மூன்றாவது தடவை டார்லா பந்தைக் கொடுத்த கணமே மல்லாந்தாள். எர்லீன் கைக்குப் பந்து வருவதற்குள் இரண்டு பேர் அவள்மேல் வந்துவிட்டார்கள். முதலாமவளிடம் எர்லீன் இடுப்பைக் கொடுத்தாள். இந்தா பிடித்துக்கொள் என்று நிஜமாகவே கொடுத்தாள். அவள் இரண்டு கையாலும் அணைக்க வந்தபோது அங்கே இடுப்பு இல்லை. இரண்டாமவள் கணுக்காலைப் பற்றிக்கொண்டாள். அவளையும் இழுத்துக்கொண்டே எர்லீன் இரண்டு எட்டு வைத்தாள். எதிரே மூன்றாவதாக ஒருத்தி, மலை மாதிரி. எர்லீன் தோளைத் தாழ்த்தி அவள் விலாவுக்குள் புகுந்தாள், விழும்போதும் முன்னால்தான் விழுந்தாள். நாலு கஜம்.

கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. நாலு கஜத்துக்கு யார் கைதட்டுவார்கள்? ஹின்சன் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். வாண்டா மட்டும் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு வருஷத்தில் எர்லீன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. பந்தைக் கொடுத்ததும் அவள் தலை எவளுடைய வயிற்றிலாவது புதைந்திருக்கும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோய்க் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். கூட்டத்தின் சத்தத்தை வைத்தே எத்தனை கஜம் என்று கணக்குப் பண்ணுவாள். பார்க்காத ஒன்றைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, கழுத்துவரை சுட்டது.

அப்புறம் கொக்கி சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டத்துக்குள் இறங்கினாள். அன்றைக்குத் தள்ளியதைப் போல் அவள் என்றைக்குமே தள்ளியதில்லை என்று க்ளெண்டா பிறகு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்து தெருவாகத் திறந்தது, எர்லீன் பறந்தாள், ஹெரன்ஸ் ஜெயித்தது. அங்கேதான் வினையும் வந்தது. வாண்டா இல்லாதபோது என்ன நடந்தது, வந்த பிறகு என்ன நடந்தது என்பதை ஹின்சன் ஒழுங்காகப் பார்த்து வைத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் நேராக அவளிடம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நேத்து நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஓடுறவ எந்த ஊர்லயும் கெடைப்பா. எனக்கு நீங்கதான் வேணும். டெக்ஸஸ் வர்றீங்களா?"

முப்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் அவளைத் தேடி வந்து கேட்கிறார். ஒரு கணம், இல்லை, நாலைந்து கணம், வாண்டா டெக்ஸஸில் இருந்தாள். வெயில் காய்ந்தது, கசிமிர்கூட அங்கே போய் ஏதோ பேசினான். தள்ளி ஒரு மூலையில் எர்லீன் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த பிறகும் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் சொன்னது பொய்," என்றாள் வாண்டா. முன்வரிசை நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவ ஓடி நான் பாத்ததே இல்ல. இன்னைக்குத்தான் பாத்தேன். அந்த மூணாவது தடவ நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"நாலு கஜம்தானம்மா அது."

"அந்த நாலு கஜத்துல எனக்குப் பங்கே இல்ல. எங்க யாருக்குமே பங்கில்ல. அது மொத்தமும் அவளோடது."

ஹின்சன் சிரித்தார். கூடப் பழகினவளுக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். வாண்டா அவர் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினாள்.

"இன்னும் வெளிச்சம் இருக்கு. வாங்க மைதானத்துக்கு. நாங்க அஞ்சு பேரும் அவளுக்கு எதிரா நிக்கிறோம். அவ எங்களத் தாண்டிட்டாள்னா அவளக் கூட்டிட்டுப் போங்க."

"அஞ்சு பேருக்கு எதிரா ஒருத்தியா?" என்றாள் க்ளெண்டா. "எனக்கு முட்டி வீங்கிப்போயிருக்குடி."

"வீங்கின முட்டியோட வா."

எர்லீன் வாண்டாவின் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "எனக்காக விட்டுக் குடுக்குறதா இருந்தா வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சிரும்."

"விட்டுக் குடுக்குறதா? எலும்பு ஒடையற மாதிரி புடிக்கப்போறேன். எனக்கும் தெரிஞ்சாகணும்."

காலி மைதானத்தில் ஐந்து பெண்களும் வரிசையாக நின்றார்கள். முதல் தடவை எர்லீன் வந்தாள், க்ளெண்டா காலைப் பிடித்தாள், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அத்தோடு முடிந்தது. ஹின்சன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ," என்றாள் வாண்டா.

இரண்டாவது தடவை எர்லீன் நேராக வாண்டாவை நோக்கியே வந்தாள். நாலு வருஷம் தனக்கு முன்னால் கண்ட அதே முதுகு, இப்போது முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வாண்டா தாழ்ந்து, காலை ஊன்றி, கைகளை விரித்தாள். எர்லீன் தோளைக் கொடுத்தாள். வாண்டா அணைத்தாள், முழுப் பலத்தோடு அணைத்தாள், அவளுடைய மூச்சுகூட இவள் கன்னத்தில் பட்டது. அப்புறம் கைக்குள் சட்டைத் துணி மட்டும் இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. வாண்டா முகம் குப்புற மண்ணில் விழுந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது எர்லீன் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள், நிற்கிற எண்ணமே இல்லாதவளாக.

வாண்டா படுத்தபடியே சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மண் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள்.

ஹின்சன் தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "ஒருத்தியத்தான் எடுக்கணும்னு வந்தேன். ரெண்டு பேருமா வாங்க. எங்க ஆளுங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

"அவளக் கூட்டிட்டுப் போங்க. நான் வரல."

"ஏன்?" என்றது எர்லீன்தான்.

"நான் இல்லேன்னாலும் உனக்கு நாலு கஜம் கெடைக்கும். அடுத்த வருஷம் இங்க உன் எடத்துல எவளாவது ஒருத்தி வந்து நிப்பா பாரு, நான் இல்லேன்னா அவளுக்கு ஒண்ணுமே கெடைக்காது."

அடுத்த வருஷம் வந்தவள் ஜோலின், பல் மருத்துவரிடம் நேரம் குறித்துக் கொடுக்கிற பெண். எதிரே ஆள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்காக வாண்டா பயிற்சி நாட்களில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்வரிசையின் மற்ற நால்வரையும் வாட்டி எடுத்தாள். ஆட்டப் பருவத்தின் நடுவில், அக்ரானில் நடந்த ஆட்டத்தில், ஜோலின் நூறு கஜம் ஓடினாள். புகைப்படக்காரர் அவளைத் தனியாக நிறுத்திப் படம் எடுத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் எழுந்து நின்று, எப்படி ஓடினேன், எவளை எப்படி ஏமாற்றினேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

க்ளெண்டா பொறுத்துப் பார்த்துவிட்டு வாண்டாவை முழங்கையால் இடித்தாள். "கேட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கியே, உனக்கு என்ன ஆச்சு?"

வாண்டா வீங்கிய கையைப் பனிக்கட்டிப் பைக்குள் செருகிக்கொண்டாள்.

"சொல்லட்டும் விடுடி. அடுத்த சனிக்கிழமையும் அவ ஓடணும்ல."