சுவிட்சில் தொங்கிய அட்டை

கொரோனாவுக்குப் பிறகு கம்பெனிகள் திரும்ப ஓட ஆரம்பித்த வருடம் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டைல்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஃபிட்டர். மண் கலக்கும் பெரிய டிரம்முக்குள் வேலை என்றால், வெளியே சுவிட்சில் ஓர் அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவோம். 'உள்ளே ஆள் இருக்கிறார், போடாதே' என்று தமிழில் எழுதியிருக்கும்.

வடக்கே இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு இந்தி அட்டை வந்தது. தமிழை எடுத்துவிட்டு இதை மாட்டு என்று உத்தரவு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நம்ம ஊர்ல இன்னாத்துக்கு இந்தி? வேலைக்கு வந்தவன் தமிழ் கத்துக்கினு போட்டும்" என்று சத்தம் போட்டு, கட்டோடு பீரோ மேல் வீசினேன். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம், வழக்கம்போல அட்டையை மாட்டிவிட்டு உள்ளே பிளேடு கழற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒடிசாத் தொழிலாளி ஒருவர், அட்டையை எடுத்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டார். டிரம் என்னைப் புரட்டிப் போட்டது. கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

நான் இறங்கியதைப் பார்த்திருந்த பெருக்கும் அக்கா, "ஐயோ, அண்ணன் உள்ள கீறாரு!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்து டிரம்மை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்தார். முட்டி கிழிந்ததோடு தப்பித்தேன்.

வெளியே வந்தால், அந்த மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இந்தி அட்டையை மாட்டியிருந்தால் இது நடந்திருக்காதே என்று எனக்கே உறுத்தியது. பீரோ மேலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவர் தலையாட்டி மறுத்து, அரைகுறைத் தமிழில் சொன்னார். "இதுவும் தெரியாது அண்ணா. நான் ஒடியா படிச்சது."

இந்தித் திணிப்பு கூடாது என்று இன்றைக்கும் சொல்கிறேன், அதில் மாற்றமில்லை. பழைய வீறாப்புதான் இல்லை, அலுத்துவிட்டது. வடக்கே யாரோ ஒருவரும் இங்கே நானும் மல்லுக்கு நின்றோமே தவிர, சுவிட்சருகே நிற்கும் ஆளிடம் 'உனக்கு எது படிக்க வரும்' என்று ஒரு வார்த்தை கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லையே என்று, டிரம்முக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் மனசு குடைகிறது.