ஒஸ்டினுக்கு நாலு பிளக்

கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் கலியாணங்களில் பெண் ஏறிப்போவது கில்பட்டின் ஒஸ்டின் காரில்தான். வெள்ளையும் நீலமுமாய், கன்னம் உப்பிய பழைய கார். வடக்கில் சண்டை முடிந்து பாதை திறந்த கையோடு மடுக் கோயிலுக்கும் போய் வந்தது. அதைப் பற்றி ஒரு சொல் கேட்டால் போதும், மனுஷன் பிடித்துக்கொள்வார். "முழுக்க ஒரிஜினல். ஒரு ஆணிகூட மாத்தயில்ல" என்பார்.

மாற்றவில்லையாம்! உள்ளே இருந்த எஞ்சினே டட்சனுடையது. இருபது வருஷத்துக்கு முன் குருநாகலில் வாங்கும்போதே அப்படித்தான் வந்தது. இது தனக்கும் மனைவி யூஜீனியாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்று கில்பட் நம்பினார். அதனால் எண்ணெய் பார்ப்பதென்றால் காரை மதிலோடு ஒட்டி நிறுத்துவார். பிறகு மதிலுக்கும் காருக்கும் நடுவில் நண்டு போல நுழைந்து, பொனட்டை ஒரு சாண் மட்டும் தூக்கிப் பார்ப்பார். இந்தக் கூத்தில் எத்தனை சேர்ட் கிழிந்ததென்று யூஜீனியாவைத்தான் கேட்க வேண்டும்.

அருமைநாயகத்தின் மகள் மெரினாவுக்குச் சனிக்கிழமை கலியாணம். வியாழக்கிழமை பார்த்துக் கார் இருமத் தொடங்கியது. எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் நான்கும் தேய்ந்துபோயிருந்தன. மாதிரிக்கு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு கில்பட் புத்தளம் பஸ்ஸில் ஏறினார். பக்கத்து சீற்றில் வந்து உட்கார்ந்தது வேறு யார், அருமைநாயகம்தான்.

"நானும் வாறன் தம்பி. பிள்ளைக்கு வாங்கின சப்பாத்து சின்னனாப் போச்சு, மாத்தோணும்."

சப்பாத்தை மாற்றிய பிறகாவது ஆள் விட்டாரா? பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்கும் கூடவே வந்தார்.

"அண்ணன், முன்கடையில ஒரு பிளேன்ரி குடிச்சிட்டு வாங்களன்" என்று கில்பட் அவரைக் கழற்றிவிடப் பார்த்தார்.

"இப்பதானே குடிச்சம்."

கடைக்காரர் பதுர்தீன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, "என்ன கார்?" என்றார்.

"ஒஸ்டின் ஏ40. ஒரிஜினல். சனிக்கிழமை கலியாண ஓட்டம் இருக்கு."

பதுர்தீன் உள்ளே தேடி, தூசி படிந்த பெட்டியொன்றைக் கொண்டுவந்து திறந்தார். புதிய பிளக்கையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதன் மரைப்பகுதி ஒரு நகக்கண் அளவு நீளமாக இருந்தது.

"நீங்க கொண்டு வந்தது ஒஸ்டின்ட இல்லயே, அண்ணன்."

கில்பட் கண்ணைச் சிமிட்டினார். இன்னொரு தரம் சிமிட்டினார்.

"கண்ணுல தூசா?" என்று பதுர்தீன் ஒரு கோப்பை தண்ணீர் நீட்டினார். நல்ல மனுஷன், ஆனால் இந்த நேரம் பார்த்தா இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டும்?

"யாரோ கராஜ் பாஸ் பிழையாப் பூட்டிட்டான். நீங்க ஒஸ்டின்டையே தாங்க."

"தரலாம். எஞ்சின் வேறயா இருந்தா இந்தக் கட்டைப் பிளக் சரிவராது. நடுரோட்டில நிண்டா மாப்பிள்ளதான் தள்ளோணும், செல்லிட்டன்."

மெரினா வெள்ளைக் கவுணோடு வெயிலில் நிற்பதும், கோட்டுப் போட்ட மாப்பிள்ளை பின்னால் தள்ளுவதும் கில்பட்டின் கண்ணுக்குள் வந்தன. இருபது வருஷ மானத்தை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினார்.

"எஞ்சின்... டட்சன்" என்றார், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில்.

அருமைநாயகம் சப்பாத்துப் பெட்டியை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார். "ஓம், டட்சன் ஆயிரத்து இருநூறு. அதுக்கே நாலு குடுங்க, நானா" என்றார் பதுர்தீனிடம்.

"அண்ணன், உங்களுக்கு... எப்ப தெரியும்?"

"நீ கொண்டு வந்த அண்டைக்கே தெரியும். கடலில வாற வள்ளம் ஆருடையதெண்டு எஞ்சின் சத்தத்தில சொல்லுற ஊர் தம்பி இது. நீ சந்தியில திரும்பினதும் என்ர மனிசி, 'டட்சன் வருது' எண்டு தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவா."

"பிறகேன் என்ர காரைக் கேட்டீங்க?"

"கதவு அகலம். பிள்ளையின்ர கவுண் கசங்காது."

சனிக்கிழமை கார் ஒரு தரம்கூட இருமவில்லை. கோயில் வாசலில் மெரினாவை இறக்கிவிட்டு, கில்பட் சனத்துக்கு நடுவிலேயே பொனட்டை முழுதாகத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்தினார். இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சனம் முழுக்க அவரைக் கடந்து உள்ளே போனது. ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"மூடிட்டு வாங்க" என்றாள் யூஜீனியா. "பூசை தொடங்கிட்டு."